மழை 3:40, லிங்க் 4:03

கருங்கல் ஜங்ஷனில் நின்று, "மழ பெய்தா நெட்டு போவுமா?" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "போவாம பின்ன?" என்பார்கள். இடவப்பாதியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை வானம் பார்க்கிற ஊர். மழையும் நெட்டும் ஒன்றாகப் போய் வருவதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

இந்த நினைப்புக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. மொட்டை மாடியில் டிஷ் வைத்து டிவி பார்த்தவர்களுக்குத் தெரியும், கனமழை வந்தால் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. ஆனால் இன்று வீட்டுக்கும் கடைக்கும் நெட் வருவது வானத்தின் வழியாக இல்லை. தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே கம்பம் கம்பமாகத் தொங்கிவரும் கண்ணாடி இழையில் வருகிறது. இழையின் மொத்தத் தடிமனே 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். அதற்குள் மழை புக முடியாது. வெளியே பெய்கிற மழையைப் பற்றி உள்ளே ஓடுகிற ஒளிக்குத் தெரியவும் தெரியாது.

அப்படியானால் மழை பெய்யும்போது போவது எது?

மூன்று பேர்மேல் சந்தேகம்

முதல் சந்தேகம் கரண்ட்மேல். மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றில் தென்னை ஓலை கம்பியில் விழும், கரண்ட் போகும், அதோடு நெட்டுப் பெட்டியும் அணையும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நெட் இருந்ததா இல்லையா என்று கேட்கவே அன்று ஆளில்லை.

இரண்டாவது சந்தேகம் கண்ணாடி இழைமேல். மழை அதற்குள் புகாவிட்டாலும், ஈரத்தில் கனத்த ரப்பர்க் கிளை ஒன்று முறிந்து அதன்மேல் சாயலாம். இழை அறாமல் கூர்மையாக வளைந்தாலே போதும், வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

மூன்றாவது, யாரும் சந்தேகப்படாத ஆள். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர்வரை நம் வீட்டுச் சுவரிலேயே ஓடும் செம்புக் கம்பி.

மூன்றில் எது போனாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: சுற்றிச் சுற்றி நிற்கும் வட்டம். வட்டத்தைப் பார்த்துக் குற்றவாளியைச் சொல்ல முடியாது. நடந்ததை நேரம் போட்டு எழுதிவைத்த சாட்சி ஒன்று வேண்டும். சாட்சி இருக்கிறது, பெட்டிக்குள்ளேயே. நாம்தான் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

கிணற்றுக் கயிறு

முதலில், இணைப்பு அறுந்ததை ஒரு பெட்டி எப்படி உணர்கிறது? நாம் எதையும் பார்க்காமல், எதையும் இறக்காமல் இருக்கும்போதும் கம்பி சும்மா இருப்பதில்லை. இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று ஓயாமல் குறி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கிணற்றுக்குள் தூர் வார இறங்கியவரும் மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரும் அடிக்கடி ஒரு சுண்டு சுண்டிக்கொள்வார்களே, அதுபோல. பழைய 10 எம்பிபிஎஸ் காலத்தில் 16 மில்லிநொடிக்கு ஒரு சுண்டு. இன்றைய வேகங்களில் சுண்டுவதற்கு இடைவெளியே கிடையாது, தொடர்ச்சியாக ஒரு முணுமுணுப்பு. மறுமுனையின் முணுமுணுப்பு நின்றால், அல்லது புரியாத உளறலாக மாறினால், இந்த முனை "லிங்க் போச்சு" என்று முடிவுகட்டுகிறது. அந்தக் கணமே ஒரு வரி எழுதுகிறது.

அந்த வரிகள் சேரும் இடத்துக்கு லாக் என்று பெயர். தமிழில் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளலாம். லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கைவழியே ஓடுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணியதை எழுதிய புத்தகத்துக்குக் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. கருங்கல்லுக்குப் பக்கத்துக் குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய கப்பல்களிலும் இந்தப் புத்தகம் உண்டு. மின்வாரியத் துணைமின்நிலையத்தில் மணிக்கொருமுறை அளவெடுத்து எழுதும் தாளுக்கும் இன்றுவரை லாக் ஷீட் என்றுதான் பெயர்.

கணினி உலகத்தில் இதற்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தவர் எரிக் ஆல்மன். 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், செண்ட்மெயில் என்ற தன்னுடைய மின்னஞ்சல் நிரலின் நடப்பை எழுதிவைக்க சிஸ்லாக் என்று ஒன்றைச் செய்தார். மற்ற நிரல்களும் அதைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண் கொடுப்பது அதன் வழக்கம். 0 என்றால் குடிமுழுகிவிட்டது, 7 என்றால் வெறும் வாய்ப்பேச்சு. சிஸ்கோ ரவுட்டர்களில் கம்பி இணைப்பு விழுந்தால் 3, அதன்மேல் நடக்கும் உரையாடல் நின்றால் 5. நமக்கு உயிர்போகிற விஷயம் எந்திரத்துக்கு நடுத்தரக் கவலை.

சாட்சியைக் கொல்லும் சுவிட்ச்

நெட் போனதும் நாம் செய்யும் முதல் காரியம் என்ன? பெட்டியை அணைத்துப் போடுவது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தாலும் அதைத்தான் சொல்வார்கள்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

பல வீட்டுப் பெட்டிகள் குறிப்பேட்டைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் நின்றால் அந்த நினைவு துடைத்த சிலேட்டு. ஆக, என்ன நடந்தது என்று சொல்லத் தயாராக இருந்த ஒரே சாட்சியை நாமே முடித்துவிடுகிறோம். அணைத்துப் போட்டதும் நெட் வந்துவிட்டால் இன்னும் மோசம். நோய் போகவில்லை, நோயின் தடயம் போய்விட்டது. அடுத்த மழைக்கு மறுபடியும் முதலிலிருந்து.

என்னைக் கேட்டால், பெட்டியைத் தொடுமுன் அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து குறிப்பேட்டை ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே அந்தப் பக்கத்தின் முகவரி இருக்கும்.

கரண்ட் போனதற்கும் ஒரு தடயம் மிஞ்சும், அது வேடிக்கையானது. கைக்கடிகாரத்துக்குள் இருப்பதுபோல ஒரு பேட்டரி இந்தப் பெட்டிகள் பலவற்றில் கிடையாது. அணைந்து எழும்போது அவற்றுக்கு என்ன தேதி என்றே தெரியாது. யூனிக்ஸ் வழிவந்த எந்திரங்கள் காலத்தை எண்ணத் தொடங்குவது 1970 ஜனவரி 1-ல், கிரீன்விச் நள்ளிரவில். இந்திய நேரப்படி அது காலை 5:30. அதனால் புதிதாக எழுந்த பெட்டி தன் முதல் சில வரிகளை 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று எழுதும். நெட் கிடைத்த பிறகு நேரச் சேவையகத்திடம் மணி கேட்டு, திடீரென்று இன்றைய தேதிக்குத் தாவும். இப்படி மணி கேட்பது டேவிட் மில்ஸ் வகுத்த முறை, 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குறிப்பேட்டில் 1970-ஐக் கண்டால் பெட்டி ஒருமுறை செத்துப் பிழைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்தக் கரையின் குறிப்பேடு

குறிப்பேடு அழியாமலிருக்க ஒரு வழி, எழுதும்போதே ஒரு பிரதியை வேறொரு எந்திரத்துக்கு அனுப்பிவிடுவது. சிஸ்லாக் அதைச் செய்யும். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. லிங்க் அறுந்தது என்ற செய்தியை எதன் வழியாக அனுப்புவது? அறுந்துபோன அதே லிங்க் வழியாகத்தான். பாலம் இடிந்ததைச் சொல்லப் போகிறவன் அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும்.

ஆகவே அறுந்த இணைப்புக்கு இரண்டு சாட்சிகள், இரண்டு கரைகள். கண்ணாடி இழை இணைப்பில் இதற்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு. வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் நின்றதும், உள்ளே மின்தேக்கியில் மிஞ்சியிருக்கும் துளி மின்சாரத்தைக் கொண்டு, முழுவதும் அணைவதற்குள் தொலைவில் உள்ள நிலையத்துக்கு ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிவிடுகிறது. பொறியாளர்கள் இதைக் கடைசி மூச்சு என்ற பொருள்படும் பெயரால்தான் அழைக்கிறார்கள். நிலையத்தின் குறிப்பேட்டில் கடைசி மூச்சு பதிவாகியிருந்தால் கரண்ட் போயிருக்கிறது, இழையின்மேல் பழியில்லை. மூச்சில்லாமல் பெட்டி சட்டென்று மறைந்தால் இழை அறுந்திருக்கிறது. அப்போது வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அதன் குறிப்பேட்டில் ஒளி இழப்பு என்று ஒரு வரி இருக்கும்.

ஒரே இழையைப் பிரித்து 32, 64 வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். பக்கத்து வீட்டிலும் சிவப்பென்றால் அறுந்தது பொதுவழி. உங்களுக்கு மட்டும் சிவப்பென்றால் உங்கள் வாசலுக்கு வரும் கிளை. இழை அறாமல் வளைந்து கிடந்தால், வந்துசேரும் ஒளியின் அளவு நாளுக்கு நாள் தேய்வது குறிப்பேட்டில் தெரியும். ஒரு வாட்டில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளி வந்தால்கூட இந்தப் பெட்டிகள் சமாளித்துவிடும். அதற்கும் கீழே போனால் கைவிரிக்கும்.

அளவு வேறு, கதை ஒன்று. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் தடுமாறியது. அங்கும் முதலில் கிடைத்தவை இதே மாதிரி வரிகள்தாம்: இன்ன நொடியில் லிங்க் போனது. ஆனால் எந்த இடத்தில் என்று குறிப்பேடு சொல்லாது. அதற்கு இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்க வேண்டும். கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோநொடி. 43 மைக்ரோநொடியில் திரும்பினால் 4.3 கிலோமீட்டரில் ஏணியோடு ஆளை அனுப்பலாம்.

ஒரு ஜெராக்ஸ் கடை

இனி ஒரு வழக்கை எடுத்து விசாரிப்போம். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னறையில் இழை வந்து சேரும் பெட்டி, இன்வெர்ட்டரில் ஓடுகிறது. பின்கட்டில் கம்ப்யூட்டர். வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். பெட்டியின் இரண்டாம் போர்ட்டிலிருந்து ஒரு நீலக் கேபிள் வெளிச்சுவர் வழியாக, சன்ஷேடுக்குமேல் ஏறி, 40 மீட்டர் ஓடிப் பின்கட்டுக்குப் போகிறது.

கடை நடத்தும் அக்காவின் புகார் எல்லோரும் சொல்வதுதான்: மழை வந்தால் நெட் போகிறது. விண்ணப்பத்தின் ஆறாம் பக்கத்தில் நிற்கும்போது இணைப்பு விழுந்து, தளம் வெளியே தள்ளி, மறுபடியும் முதல் பக்கம். கையில் உள்ள போனில் நெட் இருக்கிறது, ஆனால் அது சிம் நெட், கணக்கில் வராது. கம்பெனி ஆள் மறுநாள் வெயிலில் வருகிறார். எல்லா விளக்கும் பச்சை. "இப்பம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு அக்கா?" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை.

அக்கா இந்த முறை இரண்டு காரியம் செய்கிறார். பெட்டியை அணைக்கவில்லை. மழை தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தினசரி காலண்டர் தாளில் எழுதுகிறார். நவம்பர் 3-க்கான தாளில், மழை 3:40 முதல் 4:30 வரை. அன்றைய குறிப்பேட்டை நம் பேச்சில் எழுதினால் இப்படி:

16:03:12 – போர்ட் 2, இணைப்பு போனது
16:03:15 – போர்ட் 2, இணைப்பு வந்தது, 1000
16:03:51 – போர்ட் 2, இணைப்பு போனது
16:03:54 – போர்ட் 2, இணைப்பு வந்தது, 1000

இதேபோல் இன்னும் ஒன்பது முறை. பிறகு:

16:21:17 – போர்ட் 2, இணைப்பு போனது
16:21:30 – போர்ட் 2, இணைப்பு வந்தது, 100

அதற்குப்பின் கடை அடைத்து, பின்கட்டு சுவிட்சை அணைக்கும்வரை அமைதி.

முதலில் இல்லாதவற்றைப் பார்க்கலாம். 1970 இல்லை, எனவே கரண்ட் போகவில்லை. ஒளி இழப்பு இல்லை, எனவே இழை நலம். கம்பெனியின் கம்பி முழு நேரமும் வேலை செய்திருக்கிறது. விழுந்து விழுந்து எழுந்தது பின்கட்டுக்குப் போகும் போர்ட் 2 மட்டும். தாழ்ப்பாள் போடாத கதவு காற்றில் அடித்துக்கொள்வதுபோல இப்படிப் போய் வருவதை நெட்வொர்க்குக்காரர்கள் ஃப்ளாப் ஆகிறது என்பார்கள். நாம் படபடப்பு என்போம்.

அடுத்து, நேரம். மழை 3:40, முதல் படபடப்பு 4:03. நடுவே 23 நிமிடம் எதுவும் நடக்கவில்லை. இடியோ காற்றோ காரணமென்றால் மழைக்கு முன்பே ஆடியிருக்க வேண்டும். நவம்பர் 6-ல் மழை 2:10, படபடப்பு 2:31. நவம்பர் 9-ல் காற்றும் இடியும் பலம், மழை மட்டும் ஏமாற்றிவிட்டது. குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை. நவம்பர் 11-ல் விடியற்காலை ஆறு மணிக்கே பெய்து ஓய்ந்தது. ஒன்பது மணிக்குக் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் இணைப்பு நேரே 100-ல் வந்தது. மதியம் வெயில் ஏறி, சாப்பாட்டுக்கு அணைத்துவிட்டு மறுபடியும் போட்டபோது 1000.

தாமதமாகத் தொடங்குகிறது, தாமதமாகவே தீர்கிறது. மழை நின்று மூன்று மணி நேரமாகியும் நோய் நிற்கவில்லை, வெயில் வந்துதான் குணம். மெதுவாக நனைந்து மெதுவாகக் காய்கிற ஏதோ ஒன்று சன்ஷேடுமேல் கிடக்கிறது.

நீலமும் பழுப்பும்

குறிப்பேட்டில் இன்னொரு தடயம் உண்டு, 1000 என்றும் 100 என்றும் வரும் எண். எம்பிபிஎஸ் கணக்கில் அது கம்பியின் வேகம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு சோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் தங்களுக்கு எந்த வேகம் முடியும் என்று பேசி முடிவுசெய்கின்றன. இதை வேக ஒப்பந்தம் என்று சொல்லலாம். இந்தப் பேச்சு நடப்பது ஆரஞ்சிலும் பச்சையிலும். 100-ல் ஓட அந்த இரண்டு சோடியே போதும். 1000-ல் ஓட நான்கும் சுகமாக இருக்க வேண்டும். முடியுமென்று ஒத்துக்கொண்டு, நான்கு சோடியிலும் முயன்று, தோற்று, திரும்பத் திரும்பத் தோற்றபின் பல பெட்டிகள் ரோஷத்தை விட்டு 100-க்கு இறங்கிவிடும். எழ 3 நொடி எடுத்த இணைப்பு கடைசி முறை 13 நொடி எடுத்ததே, அந்தத் தோல்விகளின் நேரம் அது.

ஆக, முன்னறையை விட்டு அசையாமலே ஒன்று சொல்லலாம்: ஆரஞ்சும் பச்சையும் நலம். ஈரம் குடித்திருப்பது நீலம், அல்லது பழுப்பு, அல்லது இரண்டும்.

தண்ணீர் பட்டால் செம்புக்கு என்ன? கம்பியில் ஓடும் சமிக்ஞை உலோகத்துக்குள் மட்டும் ஓடுவதில்லை. சோடியின் இரு கம்பிகளுக்கும் இடைப்பட்ட வெளியிலும் ஒரு மின்புலமாகப் படர்ந்து போகிறது. அந்த இடத்தில் வழக்கமாக இருப்பது பாலிஎத்திலீன். மின்புலத்துக்கு ஈடுகொடுக்கும் தன்மையில், வெற்றிடத்தை 1 என்று வைத்தால் பாலிஎத்திலீன் சுமார் 2.3, தண்ணீர் சுமார் 80. சில அங்குலம் தண்ணீர் தேங்கினாலும் அந்த இடத்தில் கம்பி வேறு கம்பியாகிவிடுகிறது. கிணற்றுக் கயிற்றின் நடுவே வடக்கயிறு ஒன்றை முடிந்ததுபோல. மேலிருந்து சுண்டினால் பாதிச் சுண்டு முடிச்சில் பட்டுத் திரும்பிவரும். கீழே இருப்பவருக்குக் கிடைப்பது குழப்பம்.

சன்ஷேடுமேல் ஏறிப் பார்த்தால் விஷயம் முடிந்தது. கேபிள் நீளம் போதாமல் யாரோ நடுவில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து முறுக்கி, ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி வாய் திறந்திருக்கிறது. நீலச் சோடியும் பழுப்புச் சோடியும் அடிப்பக்கம், தண்ணீர் தங்கும் பக்கம். புளிபோட்டுத் தேய்க்காத செம்புப் பாத்திரம்போல அங்கே பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. பச்சை படிந்த மட்டில் அது செம்புதான் என்று ஆறுதல் கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். அதில் ஒட்டுப்போட்டிருந்தால் இத்தனை நாள் தாங்கியிருக்காது.

வெளிச்சுவருக்கென்றே கறுப்பு உறையோடு, உள்ளே நீர்புகாப் பசை நிரப்பிய கேபிள் கிடைக்கிறது. ஒட்டில்லாமல் ஒரே நீளமாக 40 மீட்டர், அதையும் ஒரு குழாய்க்குள் விட்டு இழுக்கிறார்கள். அடுத்த மழை நவம்பர் 17-ல், 2:50-க்குத் தொடங்கி இருட்டும்வரை கொட்டுகிறது. அக்கா காலண்டர் தாளில் நேரத்தை எழுதிவிட்டு, விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்வரை போய்ப் பிரிண்ட் எடுக்கிறார். குறிப்பேட்டில் மதியம் கம்ப்யூட்டர் போட்ட வரியும் இரவு அணைத்த வரியும் மட்டும்.

இரண்டு நாள் கழித்து, மழையே இல்லாத ஒரு காலையில் நெட் இல்லை. கடைப்பையன் பெட்டியின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுகிறான். "தொடாத மக்கா, பொறு," என்று அக்கா நிர்வாகப் பக்கத்தைத் திறக்கிறார். மேலே மூன்றே வரிகள்:

1970 ஜனவரி 1, 05:30:21 – பெட்டி தொடங்கியது
1970 ஜனவரி 1, 05:30:29 – போர்ட் 2, இணைப்பு வந்தது, 1000
1970 ஜனவரி 1, 05:30:58 – ஒளி இழப்பு

"கேபிள் நம்மளுது இல்ல. ராத்திரி இன்வெர்ட்டரும் எறங்கியிருக்கு," என்கிறார். பிறகு பையனைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறார், அங்கே விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்த்துவர.